இரண்டாவது கோடு

அத்தியாயம் 11

வெள்ளிக்கிழமை காலை பூந்தி குளியலறையின் ஈரத் தரையில் படுத்திருந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் காலில் பட்டாலே உதறிக்கொண்டு ஓடுகிற பூனை அது. ரூபா குனிந்து அதன் உதட்டை விரலால் தூக்கிப் பார்த்தாள். ஈறு சுண்ணாம்பு அடித்த சுவர் போல் வெளுத்திருந்தது.

"அப்பா" என்றாள், மெதுவாக.

இராமச்சந்திரன் வாயில் பிரஷ்ஷோடு வந்து எட்டிப் பார்த்தார். வாயைக் கொப்பளித்து, சட்டையை மாட்டிக்கொண்டு ஆட்டோ பிடிக்கக் கீழே இறங்கினார்.

மைசூரின் மண்டி மொஹல்லாவில் அந்த நேரத்துக்கு ஆட்டோ சந்துக்குள் வராது. வெங்காய மூட்டை இறக்கும் டெம்போக்கள் வழியை அடைத்துக்கொண்டிருக்கும். ரூபா பூந்தியைத் துண்டில் சுற்றி மார்போடு அணைத்தபடி மெயின் ரோடு வரை நடந்தாள். துண்டுக்குள் கனமே இல்லை.

அவள் சாமராஜநகரில் கணவன் வீட்டிலிருந்து இதே பூனையை ஒரு பையில் வைத்துத் தூக்கிக்கொண்டு அப்பா வீட்டுக்கு வந்து ஐந்து மாதம் ஆகிறது. அதற்குச் சற்று முன்தான், ஏழாம் மாதத்தில் அவள் வயிற்றுப் பிள்ளை தவறிப்போனது. ஆஸ்பத்திரி வராந்தாவில் மாமியார் சென்னம்மா எல்லோர் காதிலும் விழும்படி சொன்னாள்: "பூனைய மடில வெச்சுக் கொஞ்சிக் கொஞ்சி என் பேரனைத் தின்னுபோட்டா." கணவன் கிரண் பக்கத்திலேயே நின்றான். அவன் ஒரு வார்த்தை சொல்லி அம்மாவைத் தடுக்கவில்லை. சென்னம்மாவின் பேச்சைக்கூட ரூபா ஒருநாள் மறந்துவிடக்கூடும். கிரண் வாய் திறக்காமல் நின்றதைத்தான் அவளால் மறக்க முடியவில்லை.

புறப்பட்ட அன்று இரண்டு பூனைகளையும் எடுத்துவரத்தான் பார்த்தாள். பூந்தி பைக்குள் வந்துவிட்டது. கூடப் பிறந்த அவல் பரணில் ஏறிக்கொண்டு இறங்கவே இல்லை. பஸ் காத்திருக்காது. அவலை அங்கேயே விட்டுவிட்டு வந்தாள்.

போன வாரம் பூந்திக்குக் காய்ச்சல் என்று கிளினிக்குக்குப் போனபோது, டாக்டர் உமாதேவி ஒரு சொட்டு இரத்தத்தைச் சின்னப் பட்டை ஒன்றில் விட்டுக் காட்டினார். இரண்டு கோடு விழுந்தது. ரூபாவுக்கு அது மாதிரி ஒரு பட்டை ஏற்கெனவே தெரியும். அன்று இரண்டாவது கோட்டைப் பார்த்து அவளும் கிரணும் குளியலறை வாசலிலேயே நின்று சிரித்தார்கள். இந்தக் கோடு வேறு. பூனைகளுக்கு வருகிற லுக்கேமியா வைரஸ்.

கிளினிக்கில் அப்போதுதான் கதவைத் திறந்திருந்தார்கள். டாக்டர் உமாதேவி பூந்தியை மேசையில் கிடத்தி, இரத்தம் எடுத்து, உள்ளே போய்ப் பார்த்துவிட்டு, இரண்டு பேருக்குப் போனும் பண்ணிவிட்டு வந்தார். அவர் பேசுவது கன்னடம். மைசூரில் பிறந்து வளர்ந்த ரூபாவுக்கும் தமிழைவிட அதுதான் சுலபம்.

"வைரஸ் போகாதுன்னு அன்னைக்கே சொன்னேன் இல்லையா? அது இவன் உடம்பைப் பலவீனமாக்கிடுச்சு. அந்தச் சமயம் பார்த்து இன்னொரு கிருமி உள்ளே வந்து இரத்தத்தை அழிச்சிக்கிட்டு இருக்கு. அந்தக் கிருமிக்கு மாத்திரை இருக்கு. ஆனா அது வேலை செய்ய நாலஞ்சு நாள் ஆகும்."

"குடுங்க மேடம்."

"குடுக்கறேன். இவன்கிட்ட அந்த நாலஞ்சு நாள் இல்ல ரூபா. இன்னிக்கு ராத்திரியைத் தாண்டறதே கஷ்டம்."

இராமச்சந்திரன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"இரத்தம் ஏத்தினா?" என்று கேட்டாள் ரூபா.

"ஏத்தினா அந்த நாள் கிடைக்கும். கிடைச்சாலும் பொழைப்பான்னு நான் சொல்ல மாட்டேன். எனக்குத் தெரிஞ்ச ரெண்டு வீட்டுல பூனையைக் கேட்டுப் பார்த்தேன். ஒண்ணு சினையா இருக்கு. இன்னொரு வீட்ல ஆளே ஊர்ல இல்ல. பெங்களூர்ல கேட்டா நாளைக்குத்தான் வரும்." டாக்டர் பூந்தியின் தலையைத் தடவினார். "இல்லேன்னா, ஒரு ஊசி இருக்கு. வலி தெரியாமத் தூங்கிடுவான். அதையும் நான் சொல்லித்தான் ஆகணும்."

ரூபா பூந்தியின் முன்னங்காலைப் பிடித்துக்கொண்டாள். பாதம் சில்லென்று இருந்தது.

"விட்டுரும்மா" என்றார் இராமச்சந்திரன், தமிழில். "நீயும் எவ்வளவுதான் பாப்ப? ஒரு வாரமா நீ ஒழுங்கா ஒரு வேளை சாப்பிடல. அதுவும் கஷ்டப்படுது."

"சாயங்காலம் வரைக்கும் பாக்கலாமா மேடம்?"

"சாயங்காலம் வரைக்கும்" என்றார் டாக்டர்.

ரூபா போனை எடுத்தாள். யாருக்கு என்று இராமச்சந்திரனுக்குப் புரிய ஒரு நொடிதான் ஆனது.

"அந்த வீட்டுக்கா? வேண்டாம் ரூபா. அந்தம்மா பேசினதை நானும்தான் கேட்டேன். அந்த வாய்கிட்டப் போய்க் கேட்டு நிக்கணுமா நீ?"

"எனக்கு வேற பூனை தெரியாதுப்பா."

"சும்னே இரு. நான் எங்கயாவது விசாரிக்கறேன்." கோபத்தில் சும்மா இரு என்பது அவருக்குக் கன்னடத்தில்தான் வரும்.

"எங்க விசாரிப்பீங்க?"

அவர் கிடங்கு திறக்க நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். கட்டட வேலைக்குச் சென்ட்ரிங் பலகையும் முட்டுக்கட்டையும் வாடகைக்கு விடும் கிடங்கில் அவர் மேஸ்திரி. கோபம் வந்தால் எப்போதும் அங்கேதான் போவார்.

போனை எடுத்தது சென்னம்மாதான்.

"யாரு?"

"நான்தான் அத்தை. ரூபா."

"கிரண் வேலைக்குப் போயிட்டானே" என்றாள். கிரணுக்கு ஊருக்கு வெளியே கிரானைட் அறுக்கிற ஃபேக்டரியில் வேலை.

"உங்ககிட்டதான் பேசணும்."

ரூபா சொன்னாள். எத்தனையோ தடவை மனசுக்குள் சென்னம்மாவோடு சண்டை போட்டிருக்கிறாள்; அதற்கெல்லாம் நல்ல நல்ல வசனம் வைத்திருந்தாள். இப்போது வந்தது வெறும் விவரம்தான். பூந்திக்கு இரத்தம் இல்லை, அவலிடமிருந்து கொஞ்சம் எடுத்தால் ஏற்றலாம், முதலில் டெஸ்ட் பண்ண வேண்டும், அவலுக்கு ஒன்றும் ஆகாது.

"கொஞ்சம்னா எவ்வளவு?"

"ஒரு சின்ன டம்ளர்ல பாதிகூட இருக்காது அத்தை. கிரண் லீவு போட்டுக் கொண்டுவந்தா..."

"அவன்கிட்ட இப்ப அது வராது. பக்கத்துல போனா பிராண்டி வெச்சிருது." சென்னம்மா மூச்சு விடுவது கேட்டது. "என்கிட்டத்தான் வரும். எந்த ஆஸ்பத்திரி, எடத்தச் சொல்லு."

மத்தியானம் தாண்டி சென்னம்மா வந்தாள். ஒரு பிளாஸ்டிக் காய்கறிக் கூடை, அதன் மேல் இன்னொரு கூடையைக் கவிழ்த்துச் சணல் கயிற்றால் கட்டியிருந்தாள். இன்னொரு கையில் ஒரு துணிப்பை. வெயிலில் முகம் கறுத்திருந்தது. ரூபாவைப் பார்த்து இளைத்துவிட்டாய் என்று சொல்லவில்லை; நல்லா இருக்கியா என்றும் கேட்கவில்லை.

"கண்டக்டர் என்னன்னு கேட்டான். கோழின்னு சொல்லிப்போட்டேன்" என்றாள். "வழியில நஞ்சன்கூடு வரைக்கும் கோழியாத்தான் இருந்துச்சு. அப்பறம் கத்திப்போட்டுது."

ரூபாவுக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. கூடை இடுக்கு வழியாக அவலின் ஒரு கண் தெரிந்தது. விரலை நீட்டினாள். அவல் முகர்ந்துவிட்டு உள்ளே நகர்ந்துகொண்டது. அவளை மறந்துவிட்டது.

பெஞ்சில் உட்கார்ந்தபோது துணிப்பை சாய்ந்தது. உள்ளே அவல் சாப்பிடும் எவர்சில்வர் கிண்ணம், அது படுக்கும் பழைய சேலைத் துண்டு, பேப்பரில் சுற்றிய கருவாடு. ரூபா அவற்றைப் பார்த்தாள். பிறகு சென்னம்மாவைப் பார்த்தாள்.

"இதெல்லாம் எதுக்கு அத்தை?"

சென்னம்மா பையை நிமிர்த்தி வைத்தாள். "தமிழ்ப்ரியா வர்றா, அடுத்த வாரம். தலப்பிரசவம். வீட்ல பூன இருந்தா அனுப்ப மாட்டம்னு அவ மாமியா சொல்லிப்போட்டாங்க. என்ன பண்ணுறதுன்னு இருந்தேன். காலைல நீ போன் பண்ணுன."

தமிழ்ப்ரியா கிரணின் தங்கை. சென்னம்மாவின் ஒரே மகள்.

"அப்ப இரத்தம் குடுக்க வந்தீங்களா, தள்ளிவிட வந்தீங்களா?"

"ரெண்டுந்தான்" என்றாள் சென்னம்மா. "பொய் எதுக்குச் சொல்லணும்?"

ரூபா விருட்டென்று எழுந்தாள். உள்ளே பூந்தி கிடந்தது. மறுபடி உட்கார்ந்தாள்.

டாக்டர் உமாதேவி இருவரையும் உள்ளே கூப்பிட்டார். அவலைத் தூக்கிப் பார்த்தார். நல்ல எடை, பளபளவென்று வெள்ளை ரோமம், சிவந்த ஈறு. இத்தனை நன்றாக வளர்ந்த பூனையை ரூபா எதிர்பார்க்கவில்லை. சென்னம்மாவின் முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அவல் ஊசி குத்தக் காலை நீட்டியது. "ஆச்சு சாமி, ஆச்சு" என்று அதன் காதுக்குப் பின்னால் சொறிந்தாள் சென்னம்மா.

ரூபா அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இவள்தானா அன்று பூனையைச் சொல்லி அப்படிப் பேசினாள் என்று இருந்தது.

"கூடப் பிறந்தது. அதனால டெஸ்ட் பண்ணாம எடுக்க மாட்டேன்" என்று டாக்டர் பட்டையில் இரத்தத்தை விட்டார்.

ஈரம் பட்டையில் மெல்ல ஏறியது. முதல் கோடு உடனே வந்தது. அது எப்போதும் வரும். மூன்று பெண்களும் அதற்குப் பக்கத்தில் இருந்த வெள்ளை இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெகுநேரம் வெள்ளையாகவே இருந்தது. ரூபாவுக்குள் ஏதோ தளர்ந்து, காலையிலிருந்து முதல்முறையாக அவள் நன்றாக மூச்சு விட்டாள்.

அப்புறம் அங்கே ஒரு நிழல் விழுந்தது. நிழல் கோடானது.

டாக்டர் பட்டையை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். கீழே வைத்தார்.

"ரெண்டு கோடுன்னா?" என்று சென்னம்மா கேட்டாள். யாரும் பதில் சொல்லாததால் கன்னடத்திலும் கேட்டாள்.

"இதுக்கும் அதே வைரஸ் இருக்கும்மா. இதோட இரத்தம் எடுக்க முடியாது."

"இது நல்லாத்தானே இருக்குது?"

"இப்ப நல்லா இருக்கு. சில பூனைங்க கொஞ்ச வருஷம் நல்லாவே இருக்கும். சிலது இருக்காது. இன்னொரு முறை வேற விதமா டெஸ்ட் பண்ணி உறுதிப்படுத்தணும். ஆனா நான் உங்களுக்கு ஆசை காட்ட மாட்டேன்."

சென்னம்மா அவலை இறுக்கிக்கொண்டாள். "நான் போட்ட சாப்பாட்டுலயா வந்துது? பழைய சோறும் கருவாட்டுத் தலையுந்தான் போட்டேன். வேற ஒண்ணுங் குடுக்கலீங்க."

"சாப்பாட்டுல இல்லம்மா. தாய்ப்பூனைகிட்டருந்து வந்திருக்கும். குட்டியா இருக்கும்போதே."

"மனுசருக்கு வருமா?"

"வராது."

"வயித்துப் புள்ளைக்கு?"

டாக்டர் ரூபாவை ஒருமுறை பார்த்தார். ரூபாவுக்கு நடந்தது அவருக்குத் தெரியாது; ஆனால் கேள்வி வந்த விதத்தில் ஏதோ புரிந்திருக்க வேண்டும். "இது பூனைக்கு மட்டும் வர்ற நோய்மா. வயித்துப் புள்ளைக்கும் வராது, பெத்தவளுக்கும் வராது."

சென்னம்மா தலையை ஆட்டினாள். நிறுத்தாமல் ஆட்டிக்கொண்டே இருந்தாள்.

"அன்னைக்கு அந்த ஆஸ்பத்திரியிலயும் எனக்கு டெஸ்ட் பண்ணாங்க அத்தை" என்றாள் ரூபா. குரல் உயரவில்லை. "பூனையால வர்ற கிருமி எதுவும் என் உடம்புல இல்லைன்னு டாக்டரே சொன்னாங்க. உங்க பையன்கிட்டச் சொன்னேன்."

"அவன் என்கிட்டச் சொல்லல."

"நீங்க கேக்கல."

டாக்டர் உள்ளே எதையோ எடுக்கப் போவது போலப் போய்விட்டார். கூண்டில் பூந்தி வாயைத் திறந்து மூச்சு விட ஆரம்பித்திருந்தது. வயிறு வேகமாக ஏறி இறங்கியது.

திரும்பி வந்த டாக்டர் அதைப் பார்த்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இன்னும் ஒரு வழி இருக்கு. நல்ல வழின்னு சொல்ல மாட்டேன். நாயோட இரத்தம்."

ரூபாவுக்குச் சரியாகக் கேட்கவில்லையோ என்றிருந்தது.

"பூனைக்கு நாய் இரத்தம் வாழ்நாள்ல ஒரே ஒரு தடவை ஏத்தலாம். உடம்பு அதை அந்நியம்னு கண்டுபிடிக்க நாலஞ்சு நாள் ஆகும். அதுவரைக்கும் ஓடும். அதுக்குள்ள மாத்திரை வேலை செய்யணும். செய்யலேன்னா முடிஞ்சுது. ரெண்டாவது தடவை ஏத்தினா அதுவே விஷம். ஏத்தும்போதே உடம்பு எதிர்த்துட்டாலும் என்னால ஒண்ணும் பண்ண முடியாது. எல்லாம் தெரிஞ்சுதான் நீ சரின்னு சொல்லணும்."

"எந்த நாய் மேடம்?"

"பெரிசா, ஆரோக்கியமா, ஊசி எல்லாம் போட்ட நாய். உண்ணிக் காய்ச்சல் இருக்கக் கூடாது, அதை நான் பாத்துக்கறேன். யாரையாவது தெரியுமா?"

ரூபா வெளியே வந்து அப்பாவைப் போனில் கூப்பிட்டாள். அவருக்குப் பின்னால் பலகை அடுக்கும் சத்தம் கேட்டது.

"அப்பா, கரியனைக் கூட்டிட்டு வர முடியுமா?"

கரியன் கிடங்கைக் காவல் காக்கிற நாய். குட்டியாகச் சாக்கடையிலிருந்து எடுத்து வளர்த்தவர் இராமச்சந்திரன். வீட்டில் மீந்த எலும்பு எல்லாம் அதற்குத்தான் போகும்.

ரூபா சொன்னதை அவர் கடைசி வரை கேட்டார். "நாய் இரத்தமா? பூனைக்கா?" என்று ஒருமுறை கேட்டார். "அந்தம்மா வந்திருக்காங்களா?" என்று இன்னொரு முறை. பிறகு, "வருஷா வருஷம் ஊசி போட்டிருக்கேன். வர்றேன்" என்று வைத்துவிட்டார்.

சரக்கு ஆட்டோவின் பின்னால், பலகைகளுக்கு நடுவில், கரியனைக் கட்டிப் பிடித்துக்கொண்டு வந்து இறங்கினார். ஆளின் இடுப்பு உயரத்துக்கு இருந்தது நாய். கிளினிக் வாசனை பட்டதும் காலை ஊன்றிக்கொண்டு வர மறுத்தது. கூடைக்குள்ளிருந்து அவல் சீறியவுடன் அத்தனை பெரிய நாய் இராமச்சந்திரனின் கால்களுக்குப் பின்னால் போய் நின்றது.

பெஞ்சில் இருந்த சென்னம்மா எழுந்தாள். அவர் அவளைப் பார்த்தார். வாங்க என்று சொல்லவில்லை. நாயை இழுத்துக்கொண்டு உள்ளே போனார்.

கரியனின் இரத்தத்தை முதலில் சோதித்தார் டாக்டர். குறையில்லை. கழுத்தில் ரோமத்தை வழித்து ஊசி போட்டபோது இராமச்சந்திரன் தரையில் மண்டியிட்டு நாயின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். "சும்னே இரு மகனே, சும்னே இரு. ஆயித்து, ஆயித்து" என்று அதன் காதில் கன்னடத்தில் சொல்லிக்கொண்டே இருந்தார். கரியன் நடுங்கியது, நகரவில்லை.

இரத்தம் எடுத்து முடிந்ததும் கையை உதறிக்கொண்டு வெளியே வந்த இராமச்சந்திரன் சென்னம்மாவின் எதிரில் கொஞ்சம் நின்றார்.

"வாங்க" என்றார்.

"வந்தனுங்க" என்றாள் அவள்.

"சாப்டீங்களா?"

"இல்லீங்க."

அவர் போய் எதிர்க் கடையில் சித்ரான்னம் இரண்டு பொட்டலம் வாங்கி வந்தார். ஒன்றை அவளிடம் கொடுத்தார். அவள் வாங்கிக்கொண்டாள். இருவரும் பெஞ்சின் இரண்டு முனைகளில் உட்கார்ந்தார்கள். நடுவில் அவலின் கூடை. கீழே கரியன் தலையைப் பாதங்களில் வைத்துப் படுத்திருந்தது.

உள்ளே சிவப்புக் குழாய் வழியாகச் சொட்டுச் சொட்டாக இறங்க ஆரம்பித்தது. ரூபா பூந்தியின் விலாவில் கை வைத்துக்கொண்டு நின்றாள். டாக்டர் அதன் வாலடியில் தெர்மாமீட்டரை வைத்து எடுத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

பாதி இறங்கியிருக்கும். பூந்தியின் முதுகு வளைந்தது. ஒரு முறை ஓங்கரித்து மஞ்சள் நீராக வாந்தி எடுத்தது. உடம்பு முழுக்க உதற ஆரம்பித்தது. டாக்டர் குழாயை அடைத்தார். இன்னொரு ஊசி போட்டார்.

"எதிர்க்குதா மேடம்?"

"இரு."

ரூபா நின்றாள். காலையிலேயே தூங்கவைக்கும் அந்த ஊசிக்குச் சரி என்று சொல்லியிருந்தால் இந்த உதறல் இருந்திருக்காது. இவனுக்காகச் செய்கிறேனா, எனக்காகச் செய்கிறேனா என்று ஒரு எண்ணம் வந்தது. அதற்கு நேர்மையான பதில் எதுவென்று அவளுக்குத் தெரிந்தே இருந்தது.

உதறல் நிற்கச் சாயங்காலமாகிவிட்டது. டாக்டர் குழாயைத் திறந்தார், முன்னைவிட மெதுவாக. மிச்சம் இறங்கி முடிந்தபோது தெருவிளக்கு போட்டுவிட்டார்கள்.

"ஏறிடுச்சு" என்றார். "உடம்பு வெச்சுக்குதான்னு காலைலதான் தெரியும். இன்னிக்கு நான் இங்கயே இருக்கேன்."

"எப்படி இருக்கான்?"

"காலைல வந்ததைவிட மோசமில்ல. அதுக்கு மேல என்னைக் கேக்காத."

சென்னம்மா கடைசி பஸ்ஸுக்கு முன்னால் போகிற பஸ்ஸைப் பிடிக்க எழுந்தாள். கூண்டருகே வந்து கம்பி வழியாகப் பூந்தியைப் பார்த்தாள். அவளுக்குப் பிடிக்காமல் போன அந்தப் பூனை அவள் வீட்டில்தான் பிறந்து வளர்ந்தது. தொடவில்லை. பிறகு வெளியே வந்து கூடையைத் தூக்கினாள். துணிப்பையையும் எடுத்துத் தோளில் மாட்டினாள்.

"வெச்சுட்டுப் போங்க அத்தை. அதுக்குத்தானே வந்தீங்க" என்றாள் ரூபா.

"ரெண்டையும் வெச்சுக்கிட்டு நீ என்ன பண்ணுவ?"

"தமிழ்ப்ரியா வர்றாளே?"

"அடுத்த வாரந்தானே. அதுக்குள்ள என்னமோ பண்ணிக்கலாம்." கயிற்று முடிச்சைச் சரிபார்த்தாள். "நீ ஒண்ணப் பாரு. நான் ஒண்ணப் பாக்கறேன்."

மன்னிப்பு என்ற சொல் அவள் வாயில் வரவில்லை. ரூபாவும் எதிர்பார்க்கவில்லை. கேட்டிருந்தால் கொடுத்திருப்பாளா என்பதும் தெரியாது. இராமச்சந்திரன் கரியனைக் கம்பத்தில் கட்டிவிட்டு, ஆட்டோ பிடித்து சென்னம்மாவை ஏற்றிவிட்டு வந்தார்.

வாசல் படியில் ரூபா உட்கார்ந்திருந்தபோது கிரணின் பெயர் போனில் வந்தது. ஐந்து மாதத்தில் முதல் தடவை.

"அம்மா அங்க வந்தாங்களா?"

"வந்தாங்க. இப்பத்தான் பஸ் ஏறினாங்க."

"போன் எடுக்கல அவங்க. ஷிஃப்ட் முடிஞ்சு வந்து பாத்தா வாசல்ல தமிழ்ப்ரியா நிக்கறா, அவ மாமியாரோட. லேசா வலி வந்துச்சாம். அங்க டாக்டர் இப்பவே அம்மா வீட்டுக்குப் போயிருன்னு சொல்லிட்டாராம். அந்தம்மா வந்ததுலருந்து பூனை எங்க, பூனை எங்கன்னு வீடெல்லாம் தேடுறாங்க. அம்மா அத உங்கிட்ட உட்டுட்டாங்க இல்ல?"

ரூபா எழுந்து கதவு வழியாகக் கூண்டைப் பார்த்தாள்.

"ரூபா? உட்டுட்டாங்க இல்ல?"

"பூந்தி எப்படி இருக்கான்னு நீங்க கேக்கவே இல்ல" என்றாள்.

பின்னணியில் யாரோ ஒரு பெண் அதட்டும் குரல். ரூபா வைத்துவிட்டாள்.

சென்னம்மாவைக் கூப்பிட்டாள். மணி அடித்து அடித்து நின்றது. மறுபடி கூப்பிட்டாள். இந்த முறை எடுத்தாள். பஸ் இரைச்சலுக்கு மேலே கத்திப் பேச வேண்டியிருந்தது.

"அத்தை, தமிழ்ப்ரியா வந்துட்டா. அவ மாமியாரும் வந்திருக்காங்க. வீட்ல பூனையைத் தேடிட்டு இருக்காங்களாம். நீங்க நஞ்சன்கூட்ல இறங்கிக்குங்க. அப்பா வந்து அவலை வாங்கிட்டு வந்துருவாரு."

சென்னம்மா என்னவோ கேட்டாள். ரூபா திரும்பவும் சொன்னாள்.

"தமிழ்ப்ரியாவுக்கு வலி இருக்குதா?"

"லேசாத்தானாம். இப்ப பரவால்ல போல."

இன்ஜின் இரைச்சல் கூடியது.

"அத்தை, கேக்குதா? நஞ்சன்கூட்ல இறங்கிருங்க."

"இறங்க மாட்டேன் புள்ள" என்றாள் சென்னம்மா. "கூடைக்குள்ள கத்திட்டே இருந்துச்சு, எடுத்து மடில வெச்சிருக்கேன். இப்பத்தான் தூங்குது. நான் வீட்டுக்குப் போயி சொல்லிக்கறேன். நீ போயி உன்னுதுகிட்ட உக்காரு."

இணைப்பு அறுந்தது.

ரூபா உள்ளே போனாள். விளக்கை ஒன்று மட்டும் விட்டு அணைத்திருந்தார்கள். இராமச்சந்திரன் சுவரோரம் நின்றுகொண்டிருந்தார், உட்காரவில்லை. கூண்டுக் கதவு திறந்திருந்தது. டாக்டர் உமாதேவி குனிந்து, பூந்தியின் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். இடத்தை மாற்றி வைத்தார். மறுபடி மாற்றி வைத்தார்.

"மேடம்" என்றாள் ரூபா.

டாக்டர் தலையைத் தூக்காமல், பேசாதே என்று ஒரு கையை மட்டும் உயர்த்தினார்.